வீட்டுக்குத் தூரம் எத்தனை கிலோமீட்டர்

என்னைப் பிள்ளைகள் ‘பட்டாசு’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன். பட்டப்பெயர் வாங்காதவன் என்ன வாத்தியார்? கையில் சாக்பீஸ் இருந்தால் அதை எறிவேன், இல்லாவிட்டால் வார்த்தையை எறிவேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் சாக்பீஸ் எத்தனையோ தடவை குறி தப்பியிருக்கிறது. வார்த்தை தப்பியதே இல்லை. அதுதான் வினையாகப் போய்விட்டது.

பெயர் ராமமூர்த்தி. கணக்கு வாத்தியார். வீடு மதுரை வில்லாபுரத்தில். நாங்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். இது நடந்தது தொண்ணூற்றேழாம் வருஷம். அப்போது நான் வேலை பார்த்த அரசு உயர்நிலைப் பள்ளி, டி. கல்லுப்பட்டியில் இறங்கி வேறு பஸ் பிடித்து உள்ளே ஏழு கிலோமீட்டர் போனால் வரும். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருக்கிறவர்கள் இன்னும் என்னைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்கிறவர்கள். காலையில் ஆறு மணிக்கு வில்லாபுரத்தில் பஸ் ஏறினால் முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் இருப்பேன். போக வர நூறு கிலோமீட்டர், ஆறு வருஷம். அதனால் தூரம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்கிற திமிர் எனக்கு இருந்தது.

பத்தாம் வகுப்புக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். பையன்கள் முப்பத்தொன்று, பொம்பளைப் பிள்ளைகள் பதினான்கு. அந்தப் பதினான்கில் முத்துத்தாய் என்று ஒருத்தி. அவளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கரும்பலகையில் கணக்கைப் பாதி எழுதும்போதே அவள் விடையை நோட்டின் ஓரத்தில் எழுதி, விரலால் மூடி வைத்துக்கொண்டு, நான் முடிப்பதற்காகக் காத்திருப்பாள். முந்திரிக்கொட்டை மாதிரி கத்த மாட்டாள். ஒருநாள் நான் போட்ட கணக்கிலேயே தப்பு இருந்தது. எல்லோரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். மணி அடித்த பிறகு அவள் மட்டும் நோட்டைக் கொண்டுவந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மூன்றாவது வரியில் மைனஸ் விட்டுப்போச்சு சார் என்றாள். அப்படி ஒரு பிள்ளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவ்வளவு கெட்டிக்காரி மாதாமாதம் நான்கு நாள் வர மாட்டாள்.

எங்கள் வருகைப் பதிவேட்டில் காலை வந்தால் ஒரு சாய்கோடு, மதியம் வந்தால் அதன் மேல் இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. வராதவர்களுக்கு ‘ஏ’. முத்துத்தாயின் வரிசையில் வாரக்கணக்காகப் பெருக்கல் குறி ஓடும், திடீரென்று நான்கு ‘ஏ’, மறுபடி பெருக்கல். மற்றப் பெண் பிள்ளைகளின் வரிசையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. எண்களைப் பார்த்துப் பிழைக்கிற மனுஷன், அதில் ஒரு கணக்கு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது, என்ன கணக்கென்று புரியவில்லை. லீவு லெட்டரில் எல்லாம் ஒரே காரணம், வயிற்று வலி. சிலசமயம் மாறுதலுக்குக் காய்ச்சல். தேற்றம் நடத்தின வாரம் முழுக்க முத்துத்தாய் வரவில்லை. திரும்பி வந்தவள் வயிற்று வலி என்று லெட்டரை நீட்டினாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உனக்கு என்ன, வயிற்றுக்குக் காலண்டர் மாட்டியிருக்கிறதா என்று கேட்டேன். இனிமேல் பொய் எழுதினால் வாங்க மாட்டேன், உண்மையான காரணத்தை எழுதி, அம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் போட்டேன்.

சரி சார் என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அடுத்த மாதம், நவம்பரில், திங்கள் முதல் வியாழன் வரை ஆளைக் காணோம். வெள்ளிக்கிழமை காலையில் வந்து லெட்டரை என் மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கையெழுத்து அவளுடையது, குண்டு குண்டாக.

‘மதிப்பிற்குரிய ஐயா, என் மகள் முத்துத்தாய் வீட்டுக்குத் தூரமாக இருந்ததால் நான்கு நாட்கள் பள்ளிக்கு வர இயலவில்லை. விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, சு. மாயக்காள்.’

கீழே பேனா மையைத் தடவி அழுத்தின ஒரு பெருவிரல் ரேகை.

படித்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. அப்பாடா, உண்மையை எழுதிவிட்டாள், தூரம்தான் பிரச்சினையா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் கத்தப் போகிறேன் என்று நினைத்தேன். வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன். தூரத்தின் கஷ்டம் எனக்குத் தெரியும், நான் நூறு கிலோமீட்டர் அலைகிறவன் என்று ஆரம்பித்து ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“யாருக்கெல்லாம் வீட்டுக்குத் தூரம்? கூச்சப்படாம கையைத் தூக்குங்க. பஸ்ஸுக்கு எழுதிப் போடுறேன்.”

பதினான்கு தலையும் ஒரே நேரத்தில் குனிந்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். சாக்பீஸை எறிந்தேன். ஒரு பிள்ளை கஷ்டத்தைச் சொல்கிறது, உனக்கு இளிப்பு வருகிறதா என்று அவனை எழுப்பி நிற்க வைத்தேன். பிறகு முத்துத்தாயை எழுந்திருக்கச் சொன்னேன்.

“நீ சொல்லும்மா. வீட்டுக்குத் தூரம் எத்தனை கிலோமீட்டர்?”

அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. இப்போது பையன்கள் பக்கம் முழுக்கத் தோள் குலுங்கியது. எனக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. சரி, கிலோமீட்டர் தெரியாவிட்டால் போகட்டும், எந்தப் பக்கம் என்று கையையாவது காட்டு என்றேன். சொன்னால் செய்கிறவள் இல்லையா, கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே விளையாட்டு மைதானம். அதைத் தாண்டி ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் முருங்கை மரத்தடியில் ஒரு ஓட்டு வீடு, வாசலில் கட்டியிருந்த ஆடுகூடத் தெரிந்தது. இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே ‘என்ன’ என்று கேட்பார்கள். அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது.

நான் வெடித்துவிட்டேன். இதுவா உனக்குத் தூரம் என்றேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் விரலைப் பிடித்து வைத்தே பொய் எழுதிக்கொண்டு வருகிறாயா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, எழுத மனசு வரவில்லை. லெட்டரை நான்காகக் கிழித்துக் கீழே போட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் இந்த வாசற்படியை மிதிக்காதே என்று கையை நீட்டினேன்.

முத்துத்தாய் குனிந்து நான்கு துண்டையும் பொறுக்கினாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து அதற்குள் வைத்து மூடினாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அழவில்லை. மைதானத்தைக் குறுக்கே கடந்து, ஓடையில் இறங்கி ஏறி, அந்த முருங்கை மரத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிஷம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் மனைவி ரங்கநாயகியிடம் இதை ஒரு பெரிய குறையாகச் சொன்னேன். எவ்வளவு நல்ல பிள்ளை, பொய் சொல்லிக் கெட்டுப்போகிறதே என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதலில் காதில் வாங்கவில்லை. பிறகு கை நின்றது. லெட்டரில் என்ன எழுதியிருந்தது, அதைத் தமிழிலேயே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். ஒரு வினாடி அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வினாடி அந்தச் சிரிப்பு போய் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள்.

“அது கிலோமீட்டர் தூரம் இல்லை. மாசா மாசம் பொம்பளைங்க ஒதுங்கி இருக்கறது. அதைத்தான் இவங்க வீட்டுக்குத் தூரம்னு சொல்லுவாங்க.”

நாற்பத்தெட்டு வயது. மதுரையில் பிறந்து, மதுரையில் படித்து, கட்டின மனைவி, வயதுக்கு வந்த மகள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. எங்கள் பாஷையில் அதற்கு வேறு சொல். அந்தச் சொல்லையும் எங்கள் வீட்டில் ஆம்பளைகள் காதில் விழாமல் சொல்லுவார்கள், விழுந்தாலும் விழாத மாதிரி நாங்கள் எழுந்து போய்விடுவோம். தமிழில் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு யார் சொல்லித் தருவார்கள்? நானும் யாரிடம் கேட்பேன்?

“அத்தனை பையன்களுக்கு முன்னாடி நிக்க வச்சு, எத்தனைன்னு கேட்டீங்களா?” என்றாள் ரங்கநாயகி.

யாருக்கெல்லாம் என்று கையையும் தூக்கச் சொன்னேன் என்பதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காதெல்லாம் சுட்டது. எழுந்து போய் முகம் கழுவினேன். மகள் ஸ்வர்ணா, அவளும் பத்தாவதுதான், டவுனில் கான்வென்ட், உள்ளே படித்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வெளியே வந்து, ரொம்பச் சாதாரணமாக, உங்கள் ஸ்கூலில் கேர்ள்ஸ் டாய்லெட்டில் தண்ணீர் வருமா அப்பா என்று கேட்டாள். டாய்லெட் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. ஸ்டாஃபுக்கு ஒன்று இருந்தது, நாங்கள் போனோம், வந்தோம். அந்தப் பதினான்கு பேரும் எங்கே போகிறார்கள் என்று ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை போய்த் தேடினேன். கட்டடத்துக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, இரண்டு அறை. ‘மாணவியர்’ என்று பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தது. துருப்பிடித்த பூட்டு. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே உடைந்த பெஞ்சும் பழைய விடைத்தாள் கட்டும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. எனக்குப் பின்னால் விளக்குமாற்றோடு முனியாயி வந்து நின்றாள். பள்ளிக்கூடம் கூட்டுகிறவள். கட்டின நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது, சாவி ஹெச்.எம். ரூம் ஆணியில் தொங்குகிறது என்றாள். அப்படியானால் பிள்ளைகள் என்று இழுத்தேன். விளக்குமாற்றாலேயே கருவேலங்காட்டைக் காட்டினாள்.

“அதுக்குள்ளதேன் போகும்க. அந்தப் பக்கந்தேன் பயலுக கபடி விளாடுறது. மத்த நாள் ஓடிப் போயி ஓடியாந்துரும்க. அந்த நாள்ல முடியுமா சாரு? அதேன் வீட்லயே இருந்துக்கிருதுக.”

இன்னொன்றும் சொன்னாள். முத்துத்தாயை அவள் அம்மா இனிமேல் அனுப்ப மாட்டாளாம். தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சொல்லிவிட்டாளாம். காலையில் ஊருக்குள் வேன் வந்து பொம்பளைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து முத்துத்தாயும் அதில் ஏறுகிறாளாம். அங்கே பொம்பளைகள் மட்டும்தானே, யாரும் நிற்க வைத்துக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று மாயக்காள் சொன்னாளாம்.

செவ்வாய்க்கிழமை ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். பொதுத்தேர்வுக்கு மாணவர் பட்டியல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகிறது, முத்துத்தாய் நின்றுவிட்டாளாமே, பேரை அடித்துவிடலாமா என்றார். அவர் கையில் சிவப்புப் பேனா மூடி திறந்தே இருந்தது. வெள்ளிக்கிழமை வரை அடிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். வேறென்ன சொல்ல? நின்றுபோனதற்குக் காரணம் நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

புதன்கிழமை மாயக்காள் வீட்டுக்குப் போனேன். தனியாக இல்லை. இப்படி ஒரு விஷயத்துக்கு ஓர் ஆம்பளை, அதுவும் வாத்தியார், போய் என்னவென்று மன்னிப்புக் கேட்பது? ரங்கநாயகியைக் கூட வா என்று கெஞ்சினேன். திருமங்கலம் தாண்டுவதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. தினமும் இதுவா என்று ஒருதடவை கேட்டாள். அதற்கப்புறம் ஊர் வரும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மாயக்காள் அப்போதுதான் களையெடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். என்னைப் பார்த்ததும் சேலையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“வாங்க சாரு. ரொம்பத் தூரத்துலருந்து வந்திருக்கீங்க,” என்றாள். அந்த ஒரு சொல்லை மட்டும் பல்லில் வைத்துக் கடித்துச் சொன்னாள். எனக்கு வேண்டியதுதான்.

தப்பு என்மேல், எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. இது என்ன கதை என்கிற மாதிரி ரங்கநாயகியைப் பார்த்தாள். ரங்கநாயகி, சத்தியமாகத் தெரியாதும்மா, எங்கள் பாஷையில் வேற பேரு, இவருக்கு அதுவும் தெரியாது என்றாள். மாயக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாயை உதறிப் போட்டாள். அப்பாடா, முடிந்தது என்று நான் உட்காரப் போனேன். அப்போதுதான் கேட்டாள்.

“வார்த்தை தெரியாததுக்கு மன்னிப்புக் கேட்டுட்டீங்க, சரி. அம்புட்டுப் பொட்டப்பிள்ளைக எங்கிட்டுப் போயி துணி மாத்தும்னு தெரியாம ஒரு பள்ளிக்கூடம் நடத்துறீங்களே, அதுக்கு யாரு சாரு மன்னிப்புக் கேக்குறது?”

நான் உட்காரவில்லை. வகுப்பில் இப்படி ஒரு கேள்விக்கு யாராவது பதில் தெரியாமல் முழித்தால் சாக்பீஸ் பறந்திருக்கும்.

முத்துத்தாய் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். என்னம்மா, தேர்வு எழுத வேண்டாமா என்று கேட்டேன். கேட்டது எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நீங்க உண்மையை எழுதச் சொன்னீங்க சார். எழுதுனேன். அதுக்கு மேல எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் திரும்பினால் நேரே என் வகுப்பு ஜன்னல். அந்த ஜன்னலில் நான் நின்றுகொண்டிருந்தது இங்கிருந்து எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று அப்போது புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கதவு திறந்திருக்கும், தண்ணீர் இருக்கும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. மாயக்காள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தொறந்திருந்தா வருவா, இல்லாட்டித் திங்கக்கெழமை வேன் வரும் என்று சொல்லி, ரங்கநாயகிக்கு மட்டும் மோர் கொடுத்தாள்.

நேரே ஹெச்.எம்.மிடம் போய்ச் சாவி கேட்டேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை, ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது, அவ்வளவுதான். கட்டடம் இன்னும் முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை, கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை, தண்ணீர்க் குழாய் கிடையாது, விடைத்தாள் கட்டுகளை எங்கே வைப்பது, திறந்தால் யார் பொறுப்பு என்று அடுக்கினார். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நான் பார்ப்பதைப் பார்த்து, எடுத்து மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள், உங்களுக்கு ஏன் சார் இந்தப் பொம்பளை வேலை என்றார்கள். போன வாரம் வரை நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வியாழக்கிழமை முதல் பீரியட் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு கல்லை எடுத்தேன். வாழ்க்கையில் எத்தனையோ எறிந்திருக்கிறேன், இது மட்டும்தான் யோசித்து எறிந்தது. மூன்றாவது அடியில் பூட்டு கழன்று விழுந்தது. பள்ளிக்கூடமே வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தது. இருமினானே, அந்தக் கடைசி பெஞ்ச் கூட்டம், அவர்களையே கூப்பிட்டு உடைந்த பெஞ்சுகளைத் தூக்க வைத்தேன். எதற்கென்று அவர்களுக்குத் தெரியும். ஒருத்தனும் சிரிக்கவில்லை. முனியாயி தேய்த்துக் கழுவினாள். அடிபம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து நிரப்ப ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்தோம். மாற்றின துணியைப் போட்டு எரிப்பதற்குப் பின்பக்கம் ஒரு குழி வெட்டினோம்.

முந்தின நாள் பஸ்ஸில் திரும்பும்போதே ரங்கநாயகி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், வெளியில் பூட்டே கூடாது, பிள்ளைகள் போய் ஒரு ஆம்பளையிடம் சாவி கேட்கவே மாட்டார்கள் என்று. அதனால் கல்லுப்பட்டியில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி, கதவின் உட்பக்கம் மட்டும் நானே திருகி வைத்தேன். ரங்கநாயகி தன் பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து, சதுரமாக வெட்டி, மடித்துக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். உள்ளே பலகை அடித்து அதன்மேல் அடுக்கினேன். கட்டுக்கு மேலே ஸ்வர்ணா ஒரு புது சோப்பு வைத்திருந்தாள்.

மதியமே மெமோ வந்துவிட்டது. அரசுச் சொத்தாகிய பூட்டை அனுமதியின்றி உடைத்ததற்கு உண்மையான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும். உண்மையான காரணம் என்ற இடத்தில் அடிக்கோடு.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஜன்னலோரமே நின்றுகொண்டிருந்தேன். மணி அடித்தது. ஓடைப் பக்கம் யாரும் வரவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். பையன்கள் முடிந்து பெண் பிள்ளைகள் வரிசைக்கு வந்தபோது மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். அப்போது ஓடையிலிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். மாயக்காள் வகுப்புக்கு வரவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம், எடுக்கிற சத்தம், மறுபடி போடுகிற சத்தம் கேட்டது. தண்ணீரைக் கையால் அளைகிற சத்தமும் கேட்டது. பிறகு மகளை வாசலில் விட்டுவிட்டு, என்னை ஒருதடவை பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

முத்துத்தாய் உள்ளே வந்து என் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். அதே லெட்டர். நான்கு துண்டையும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள். பெருவிரல் ரேகை நடுவில் கிழிந்திருந்தது, கோடுக்குக் கோடு சரியாகச் சேர்த்திருந்தாள். அதை மறுபடி முழுக்கப் படித்தேன். எனக்குத் தெரிந்த தமிழில் அதைவிட மரியாதையாக அதை எழுத முடியாது. ‘விடுப்பு அனுமதிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னை மன்னிச்சிடும்மா என்றேன். வகுப்பு முழுவதும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். திட்டினது எல்லோர் காதிலும் விழுந்ததே.

மெமோவுக்கும் அன்றைக்கே பதில் எழுதினேன். அவள் லெட்டரைச் சேர்த்து வைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, மறுபடியுமா என்று விட்டுவிட்டேன். பெயர் எதுவும் போடாமல் ஒரே ஒரு வரி: ‘மாணவிகள் மாதந்தோறும் வீட்டுக்குத் தூரமாக இருப்பதால் பூட்டை உடைத்தேன்.’ ஹெச்.எம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. இதை எப்படி சார் ஃபைலில் வைப்பது என்றார், கோபமில்லாமல்.

“வயித்து வலின்னு இத்தனை வருஷமா ஒரு ஃபைல் நெறைய வச்சிருக்கோமே சார். இதையும் வைங்க.”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு பட்டியலை எடுத்தார். முத்துத்தாயின் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. சாயங்காலத் தபாலில் அது போயிற்று.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் என்மேல் நானே சாக்பீஸ் எறிந்துகொள்ள வேண்டும். அடிபம்பு அடிக்கடி மக்கர் பண்ணியது. தண்ணீர் தூக்கி முனியாயிக்குத் தோள்பட்டை வலி. எட்டாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அப்படியும் நின்றுபோனார்கள், அவர்கள் வீட்டுக்கும் போனேன், கதவைத் திறக்கவில்லை. மெமோ என் சர்வீஸ் புக்கில் ஏறியது, இன்றைக்கும் இருக்கிறது.

டிசம்பர் கடைசியில், அரைப்பரீட்சை முடிந்து, மாதக் கணக்குப் போடுவதற்காக வருகைப் பதிவேட்டை விரித்தேன். முத்துத்தாயின் வரிசையில் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனேன். முதல் தேதியிலிருந்து பள்ளிக்கூடம் இருந்த கடைசி நாள்வரை பெருக்கல் குறிதான். எங்கேயும் விரல் நிற்கவில்லை. அந்த மாதம் அவளுக்கு எந்த நாட்கள் என்று நோட்டைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூட்டலை எழுதி, நோட்டை மூடிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினேன்.